செகண்ட் ஹேண்ட் லேப்டாப்பில் பயாஸ் பாஸ்வேர்ட்: மறந்து போனால் என்ன செய்வது?

செகண்ட் ஹேண்ட் லேப்டாப் ஒன்றை வாங்கி ஆசையாக வீட்டிற்குக் கொண்டு வருகிறீர்கள். பவர் பட்டனை அழுத்தியவுடன், விண்டோஸ் வருவதற்கு முன்பே திரையில் ஒரு சிறிய பூட்டுப் படம் வந்து பாஸ்வேர்ட் கேட்கிறது. விற்றவருக்குப் போன் செய்தால், "எனக்குத் தெரியாதே சார், எனக்கும் அப்படியே தான் வந்தது" என்கிறார். அல்லது நீங்களே எப்போதோ ஒரு பாஸ்வேர்ட் கொடுத்து வைத்து, இன்று அது நினைவுக்கு வரவில்லை. இரண்டில் எதுவானாலும் நீங்கள் மாட்டிக் கொண்டிருப்பது பயாஸ் பாஸ்வேர்டில் தான்.

"இது ஒரு பெரிய விஷயமா? உள்ளே இருக்கும் சின்ன பேட்டரியைக் கழற்றி மாட்டினால் போயே போச்சு" என்று தெரிந்தவர்கள் சொல்வார்கள். டெஸ்க்டாப் கம்ப்யூட்டருக்கு இது பெரும்பாலும் சரி. லேப்டாப்பில் இதைச் செய்து, நன்றாக ஓடிக் கொண்டிருந்த லேப்டாப்பையும் நிறுத்தி வைத்த அனுபவம் எனக்கு உண்டு. அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன். முதலில் அடிப்படையைப் பார்த்து விடுவோம்.

பயாஸ் என்றால் என்ன?

கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் முதலில் இயங்கும் சிறிய புரோகிராம் தான் பயாஸ். இது ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதில்லை. மதர்போர்டில் உள்ள ஒரு சிப்பில் இருக்கிறது. மெமரி, கீ போர்டு, டிஸ்க் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று சோதித்து விட்டு, விண்டோஸைத் தேடி எடுத்து அதனிடம் பொறுப்பை ஒப்படைப்பது இதன் வேலை. இன்றைய லேப்டாப்களில் இதன் இடத்தில் யு.இ.எஃப்.ஐ. என்ற புதிய முறை இருக்கிறது. ஆனாலும் பழக்கத்தில் எல்லாரும் பயாஸ் என்றே சொல்கிறோம். நாமும் அப்படியே சொல்வோம்.

எந்த டிரைவில் இருந்து பூட் செய்ய வேண்டும், தேதி, நேரம் என்ன என்பது போன்ற செட்டிங்ஸ்களை இதன் செட்டப் திரையில் மாற்றலாம். ஆன் செய்த உடனே ஒரு கீயைத் தட்டினால் இந்தத் திரை கிடைக்கும். டெல், ஏசர், ஏசுஸ் லேப்டாப்களில் பெரும்பாலும் எஃப் 2. எச்.பி.யில் எஃப் 10. லெனோவா திங்க்பேடில் எஃப் 1.

முன்று வகைப் பூட்டுகள்

பாஸ்வேர்ட் கேட்கிறது என்றவுடன் பதறாமல், எது கேட்கிறது என்று முதலில் பாருங்கள். விண்டோஸ் லோகோ வந்து, உங்கள் பெயருடன் கேட்டால் அது விண்டோஸ் பாஸ்வேர்ட். இந்தக் கட்டுரைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. லோகோ வருவதற்கு முன் கேட்டால், அது கீழே உள்ள மூன்றில் ஒன்று.

1. பவர் ஆன் பாஸ்வேர்ட்: இதைக் கொடுக்காவிட்டால் லேப்டாப் ஒரு அடி கூட நகராது.

2. சூப்பர்வைசர் பாஸ்வேர்ட்: சில கம்பெனிகள் இதை அட்மினிஸ்ட்ரேட்டர் அல்லது செட்டப் பாஸ்வேர்ட் என்று அழைக்கின்றன. விண்டோஸ் வழக்கம் போல ஓடும். ஆனால் பயாஸ் செட்டப்பிற்குள் நுழைய முயன்றால் பாஸ்வேர்ட் கேட்கும். செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்கள் அதிகம் ஏமாறுவது இதில் தான். கடையில் ஆன் செய்து பார்த்தால் விண்டோஸ் ஜம்மென்று வரும். பூட்டு இருப்பதே தெரியாது.

3. ஹார்ட் டிஸ்க் பாஸ்வேர்ட்: இது மதர்போர்டில் இல்லை, டிஸ்க்கிலேயே பதிவாகிறது. டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாலும் பூட்டு கூடவே வரும்.

டெஸ்க்டாப்பில் சுலபம் ஏன்?

1984-ல் வெளிவந்த ஐ.பி.எம். பி.சி. ஏ.டி. கம்ப்யூட்டரில், செட்டிங்ஸ்களை சிமாஸ் என்ற சிறிய மெமரியில் சேமிக்கும் முறை வந்தது. கம்ப்யூட்டரை ஆஃப் செய்தாலும் இந்த மெமரி அழியாமல் இருக்க ஒரு பேட்டரி மின்சாரம் கொடுத்துக் கொண்டே இருக்கும். இன்றும் டெஸ்க்டாப் மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் போல ஒரு 3 வோல்ட் பேட்டரியைப் பார்க்கலாம். அதன் மேல் சி.ஆர். 2032 என்று எழுதியிருக்கும்.

பல டெஸ்க்டாப்களில் பாஸ்வேர்டும் இந்த சிமாஸ் மெமரியில் தான் இருக்கும். எனவே பவர் கார்டைப் பிடுங்கி விட்டு, பேட்டரியைச் சில நிமிடங்கள் கழற்றி வைத்தால் செட்டிங்ஸுடன் பாஸ்வேர்டும் அழிந்து விடும். இதற்கென்றே மதர்போர்டில் கிளியர் சிமாஸ் என்று ஒரு ஜம்பரும் இருக்கும். மதர்போர்டு கையேட்டைப் பார்த்து அதை இடம் மாற்றிச் சில விநாடிகள் வைத்து, மீண்டும் பழைய இடத்தில் மாட்டினால் போதும்.

லேப்டாப்பில் இது ஏன் நடப்பதில்லை?

டெஸ்க்டாப் மேசை மேல் கிடக்கும். லேப்டாப்பை யார் வேண்டுமானாலும் பையில் போட்டுக் கொண்டு போய் விடலாம். பேட்டரியைக் கழற்றினால் பூட்டு திறந்து விடும் என்றால், பூட்டு எதற்கு? அதனால் பல லேப்டாப் கம்பெனிகள், முக்கியமாக ஆபீஸ்களுக்கு என்று தயாரிக்கும் மாடல்களில், சூப்பர்வைசர் பாஸ்வேர்டை மின்சாரம் இல்லாவிட்டாலும் அழியாத சிப்பில் பதிகின்றன. பேட்டரியை ஒரு மாதம் கழற்றி வைத்தாலும் அது அப்படியே இருக்கும்.

லெனோவா தன் திங்க்பேட் கையேடுகளில் இதை ஒளிவு மறைவு இல்லாமல் சொல்லி விடுகிறது. சூப்பர்வைசர் பாஸ்வேர்டை மறந்து விட்டால் அதை நீக்கித் தர முடியாது, வாங்கியதற்கான ஆதாரத்தைக் காட்டி, கட்டணம் செலுத்தி, மதர்போர்டையே மாற்றிக் கொள்ள வேண்டும் என்கிறது. ஹார்ட் டிஸ்க் பாஸ்வேர்டை மறந்தாலும் இதே கதை தான். டிஸ்க்கை மாற்ற வேண்டும், உள்ளே இருந்த ஃபைல்கள் போனது போனது தான். பவர் ஆன் பாஸ்வேர்ட் மட்டும் சில மாடல்களில் பேட்டரியைக் கழற்றினால் நீங்கி விடும்.

நான் செய்த தவறு

என் சித்தப்பா மகள் திருச்சியில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முதலாண்டு படிக்கிறாள். அவளுக்காக சித்தப்பா 21,000 ரூபாய் கொடுத்து ஒரு செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கினார். ஏதோ ஒரு ஆபீஸில் ஓடிய லேப்டாப். இரண்டு மாதம் எந்தப் பிரச்சினையும் இல்லை. கல்லூரி லேபில் லினக்ஸ் என்பதால், அதையும் போட்டுக் கொடுக்கச் சொல்லி தீபாவளி விடுமுறையில் என்னிடம் கொண்டு வந்தாள். பென் டிரைவில் இருந்து பூட் செய்யப் போனால் முடியவில்லை. செட்டப்பிற்குள் போனால் பாஸ்வேர்ட் கேட்டது.

நான் சாஃப்ட்வேர் இன்ஜினியர் அல்லவா? வீடே வேடிக்கை பார்க்கும் போது 'தெரியாது' என்று சொல்ல மனம் வரவில்லை. ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, பின் மூடியைக் கழற்றி, உள்ளே பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த சிமாஸ் பேட்டரியின் கனெக்டரைப் பிடுங்கி, அரை மணி நேரம் கழித்து மாட்டினேன்.

ஆன் செய்தால் தேதியும் நேரமும் தவறு என்று ஒரு எர்ரர். அதைச் சரி செய்ய பயாஸ் செட்டப்பிற்குள் போக வேண்டும். செட்டப்பிற்குள் போக பாஸ்வேர்ட் வேண்டும்! பேட்டரியைக் கழற்றியதில் கடிகாரம் மட்டும் அழிந்து, பாஸ்வேர்ட் அப்படியே இருந்தது. முன்பு விண்டோஸாவது வந்து கொண்டிருந்தது. இப்போது அதுவும் வரவில்லை.

"அண்ணா, என் ரெக்கார்டு எல்லாம் அதில் தான் இருக்கு. திங்கள்கிழமை சப்மிட் பண்ணணும்" என்றாள். சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. அது தான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

முதலில் டிஸ்க்கைக் கழற்றி, யு.எஸ்.பி. கேஸ் ஒன்றில் போட்டு என் கம்ப்யூட்டரில் இணைத்தேன். நல்ல வேளை, டிஸ்க்கில் எந்தப் பூட்டும் இல்லை. ரெக்கார்டு ஃபைல்கள் எல்லாம் கிடைத்தன. அடுத்து, சித்தப்பா பத்திரமாக வைத்திருந்த பில்லைத் தேடி எடுத்தோம். அதில் லேப்டாப்பின் சீரியல் நம்பர் இருந்தது. கடைக்காரர் தனக்கு மொத்தமாக லேப்டாப் கொடுத்தவரிடம் அந்த நம்பரைச் சொல்லி விசாரித்தார். அவர் அந்த ஆபீஸின் கம்ப்யூட்டர் பிரிவில் கேட்டார். கழித்து விற்ற எல்லா லேப்டாப்களுக்கும் ஒரே பாஸ்வேர்ட் தான் போட்டிருந்தார்களாம். மூன்றாம் நாள் போனில் எட்டு எழுத்துகள் வந்தன. டைப் செய்து என்டர் தட்டினேன், திறந்து விட்டது. ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன் நான் செய்திருக்க வேண்டிய வேலை அந்த ஒரு போன் கால் தான்.

சரியான வழி: வரிசையாகச் செய்யுங்கள்

படி 1. டைப் செய்வதைச் சோதியுங்கள். பாஸ்வேர்ட் நீங்களே கொடுத்தது என்றால், கேப்ஸ் லாக் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய சிறிய லேப்டாப்களில் நம் லாக் ஆன் ஆகியிருந்தால், யு, ஐ, ஓ, ஜே, கே, எல் போன்ற எழுத்துக் கீகள் எண்களை டைப் செய்யும். திரையில் புள்ளிகள் மட்டும் தெரிவதால் இது உங்களுக்குத் தெரியாது. பல லேப்டாப்கள் மூன்று முறை தவறாகக் கொடுத்தால் நின்று விடும். அப்போது முழுவதும் ஆஃப் செய்து மீண்டும் ஆன் செய்து முயற்சி செய்யுங்கள்.

படி 2. ஃபைல்களைக் காப்பாற்றுங்கள். விண்டோஸ் வருகிறது என்றால், வேறு எதையும் தொடுவதற்கு முன் முக்கியமான ஃபைல்களை பென் டிரைவில் காப்பி செய்து விடுங்கள். அத்துடன் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் ஆன் ஆகியிருக்கிறதா என்று செட்டிங்ஸில் பாருங்கள். ஆன் ஆகியிருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீயை எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள். மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டில் லாக் இன் செய்து பயன்படுத்துபவர்களுக்கு இந்தக் கீ பெரும்பாலும் அந்த அக்கவுண்ட்டிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். பயாஸ் செட்டிங்ஸ் மாறினாலோ, மதர்போர்டு மாறினாலோ விண்டோஸ் இந்தக் கீயைக் கேட்கக் கூடும். அப்போது அது இல்லாவிட்டால் ஃபைல்கள் கிடைக்காது.

படி 3. விற்றவரைப் பிடியுங்கள். தனி நபர் என்றால் அவரிடமே கேளுங்கள். கடை என்றால் பில்லையும் சீரியல் நம்பரையும் காட்டிக் கேளுங்கள். ஆபீஸில் இருந்து வந்த லேப்டாப் என்றால், பாஸ்வேர்ட் தெரிந்த ஒருவர் அங்கே இருக்க வாய்ப்பு அதிகம். கடையில் மாற்றித் தரும் காலம் முடியவில்லை என்றால், வேறு லேப்டாப் கேட்பதே நல்லது.

படி 4. தயாரித்த கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். சில கம்பெனிகளின் குறிப்பிட்ட மாடல்களில், தவறான பாஸ்வேர்ட் கொடுத்த பின் திரையில் ஒரு கோடு தெரியும். டெல் லேப்டாப்களில் சர்வீஸ் டேக் என்ற எண்ணுடன் சில எழுத்துகளும் தெரியும். அதை அப்படியே எழுதிக் கொள்ளுங்கள். நீங்கள் தான் உரிமையாளர் என்று நிரூபித்தால், சில மாடல்களுக்கு அந்தக் கோடை வைத்துப் பாஸ்வேர்டை நீக்க உதவுவார்கள். லேப்டாப் இன்னும் பழைய உரிமையாளர் பெயரிலேயே பதிவாகியிருந்தால், முதலில் உரிமையை உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். டெல் கம்பெனியின் இணைய தளத்தில் இதற்கென்றே ஒரு விண்ணப்பம் இருக்கிறது.

படி 5. எதுவும் நடக்கவில்லை என்றால் மதர்போர்டு தான். செலவுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். சூப்பர்வைசர் பாஸ்வேர்ட் மட்டும் தான் பிரச்சினை, விண்டோஸ் நன்றாக ஓடுகிறது என்றால், அதை அப்படியே பயன்படுத்துவதில் தவறில்லை. நான் செய்தது போல சிமாஸ் பேட்டரியை மட்டும் தொட்டு விடாதீர்கள்.

பாஸ்வேர்ட் கிடைத்து விட்டதா? செட்டப்பில் செக்யூரிட்டி என்ற பகுதிக்குச் செல்லுங்கள். பாஸ்வேர்ட் மாற்றும் இடத்தில் பழையதை டைப் செய்து, புதியது கேட்கும் இரண்டு கட்டங்களிலும் எதுவும் டைப் செய்யாமல் என்டர் தட்டுங்கள். சேவ் செய்து வெளியே வந்தால் பூட்டு நீங்கி விடும்.

செய்யக் கூடாதவை

பயாஸ் பாஸ்வேர்டை நீக்கித் தரும் என்று இணையத்தில் கிடைக்கும் இலவச புரோகிராம்களை டவுன்லோட் செய்யாதீர்கள். பாஸ்வேர்ட் போவதை விட வைரஸ் வருவதற்கே வாய்ப்பு அதிகம்.

சிப்பைக் கழற்றி ரீபுரோகிராம் செய்து தருகிறேன் என்று சிலர் சொல்வார்கள். திறமைசாலிகள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சிப்பில் லேப்டாப்பின் சீரியல் நம்பர் போன்ற விவரங்களும் இருக்கலாம். 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல், லேப்டாப்புடன் வரும் விண்டோஸின் புராடக்ட் கீயும் பயாஸ் சிப்பில் தான் பதியப்படுகிறது. கை தவறினால் இவையும் போகும், சில சமயம் மதர்போர்டும் போகும். முதலில் ஃபைல்களை எடுத்து விட்டு, 'போனால் போகட்டும்' என்ற நிலையில் மட்டுமே இதைப் பற்றி யோசியுங்கள்.

எல்லாவற்றிற்கும் மேலாக, பில்லும் இல்லை, விற்றவரும் போனை எடுக்கவில்லை, பவர் ஆன் பாஸ்வேர்ட் வேறு கேட்கிறது என்றால், அது திருட்டு லேப்டாப்பாக இருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தும், அல்லது அப்படி நம்பக் காரணம் இருந்தும் நேர்மையற்ற முறையில் வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 317 இதைப் பற்றியது தான். பூட்டை உடைக்க வழி தேடுவதை விட, போலீஸ் ஸ்டேஷனில் தகவல் சொல்வது உங்களுக்குப் பாதுகாப்பு.

வாங்கும் போதே பாருங்கள்

சென்னை ரிச்சி தெருவாக இருந்தாலும் உங்கள் ஊர்க் கடையாக இருந்தாலும், பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன் பத்து நிமிடம் ஒதுக்கி இவற்றைச் செய்யுங்கள்.

1. விண்டோஸ் வந்தால் போதும் என்று விடாதீர்கள். ரீஸ்டார்ட் செய்து பயாஸ் செட்டப்பிற்குள் நுழைந்து பாருங்கள். உள்ளே போன பின் பூட் வரிசையை மாற்றி சேவ் செய்ய முடிகிறதா என்றும் பாருங்கள். சில லேப்டாப்கள் பாஸ்வேர்ட் இல்லாமலும் உள்ளே விடும், ஆனால் எதையும் மாற்ற விடாது.

2. செட்டப் திரையில் உள்ள சீரியல் நம்பரும், லேப்டாப்பின் அடியில் உள்ள நம்பரும், பில்லில் எழுதப்பட்ட நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும். பில்லில் நம்பர் இல்லை என்றால் எழுதச் சொல்லுங்கள்.

3. அதே திரையில் அசெட் டேக் என்ற இடத்தில் ஏதாவது ஆபீஸின் பெயர் இருந்தால், அவர்கள் முறையாகக் கழித்து விற்றது தானா என்று கேளுங்கள்.

4. கம்ப்யூட்ரேஸ் அல்லது அப்சொல்யூட் என்ற வரி இருந்தால் கவனியுங்கள். திருடு போன லேப்டாப்பைக் கண்டுபிடிக்க உதவும் வசதி இது. அது ஆக்டிவேட் ஆகியிருந்தால், பழைய உரிமையாளர் அதை நீக்கித் தரும் வரை வாங்க வேண்டாம்.

5. விண்டோஸை ரீசெட் செய்து, நெட் இணைப்புடன் முதல் செட்டப் திரை வரை போய்ப் பாருங்கள். ஏதாவது ஒரு கம்பெனியின் பெயருடன் லாக் இன் கேட்டால், அந்த லேப்டாப் இன்னும் அவர்கள் பதிவில் இருக்கிறது என்று அர்த்தம்.

சில சந்தேகங்கள்

விண்டோஸை ஃபார்மட் செய்தால் பயாஸ் பாஸ்வேர்ட் போகுமா?
போகாது. விண்டோஸ் டிஸ்க்கில் இருக்கிறது, பாஸ்வேர்ட் மதர்போர்டில் இருக்கிறது.

டிஸ்க்கை மாற்றினால்?
ஹார்ட் டிஸ்க் பாஸ்வேர்ட் என்றால் மட்டும் பிரச்சினை தீரும். ஆனால் பழைய டிஸ்க்கில் உள்ள ஃபைல்கள் கிடைக்காது.

ஆப்பிள் மேக்புக்கிலும் இது உண்டா?
இன்டெல் பிராசசர் உள்ள மேக்புக்குகளில் ஃபர்ம்வேர் பாஸ்வேர்ட் என்ற பெயரில் உண்டு. மறந்து விட்டால், வாங்கிய பில்லுடன் ஆப்பிள் சர்வீஸுக்குப் போக வேண்டும். ஆப்பிளின் சொந்த பிராசசர் உள்ள புதிய மாடல்களில் இது இல்லை, பதிலாக ஆக்டிவேஷன் லாக் இருக்கிறது. வாங்கும் முன் பழைய உரிமையாளரைத் தன் ஆப்பிள் அக்கவுண்ட்டில் இருந்து அதை நீக்கச் சொல்லுங்கள்.

அப்படியானால் பயாஸ் பாஸ்வேர்டே வைக்க வேண்டாமா?
அலுவலக வேலைக்காக லேப்டாப்பை வெளியே எடுத்துச் செல்பவர்கள் வைக்கலாம். ஆனால் வைத்த அன்றே ஒரு தாளில் எழுதி, லேப்டாப் பையில் வைக்காமல், பில்லுடன் சேர்த்து வீட்டு பீரோவில் வையுங்கள். லேப்டாப்பை விற்கும் போது பாஸ்வேர்டை நீக்கி விட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் அதை வாங்கியவர் வீட்டில் என்னைப் போல ஒருவன் ஸ்க்ரூ டிரைவருடன் உட்கார்ந்திருப்பான்!